இடது மணிக்கட்டு வழியாக

எக்ஸ்ரே கதிருக்காகப் போட்டிருந்த ஈயக் கவசத்தைக் கழற்றி மாட்டியபோது டாக்டருக்குத் தோள்பட்டை இரண்டும் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. காலையில் உள்ளே போனவள் வெளியே வரும்போது சாப்பாட்டு நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நீச்சல் மாஸ்டரின் மனைவி காத்திருந்தாள். அவளிடம் போய், முடியவில்லை என்று சொல்லியாக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இவளுக்குக் கம்பி டாக்டர் என்று பெயர். மண்டையைத் திறக்காமல், ரத்தக்குழாய்க்குள்ளேயே மெல்லிய கம்பியையும் குழாயையும் ஏற்றி, மூளை வரை போய் வைத்தியம் பார்ப்பவள். வழக்கமாக வரும் வீக்கம் ரத்தக்குழாயின் ஒரு பக்கமாகக் காய்த்துத் தொங்கும். உள்ளே சுருள்கம்பியை வைத்து அடைத்துவிடலாம். மாஸ்டருக்கு வந்தது அபூர்வ வகை. மூளைத்தண்டுக்கு ரத்தம் கொண்டுபோகிற முக்கியக் குழாயே, முட்டையை விழுங்கிய பாம்பு மாதிரி நாலாபுறமும் உப்பியிருந்தது. அதை அடைத்தால் ஆளே இருக்கமாட்டார். கத்தி வைக்கிற டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்ததுமே கையை விரித்துவிட்டார். மிச்சமிருந்தது ஒரு வழிதான்: சல்லடை போன்ற ஸ்டென்டைக் குழாய்க்குள் விரித்து, ரத்தத்தை அதன் நடுவே ஓடவிட்டு, வீக்கம் மெல்லச் சுருங்கக் காத்திருப்பது.

அதற்கும் ஆயிரம் தடங்கல். முதலில் படம் எடுக்கும் மெஷின் மக்கர் செய்தது. அடுத்த முறை வேண்டிய அளவு ஸ்டென்ட் வந்து சேரவில்லை. இரண்டு தடவையும் மாஸ்டர் வெறும் வயிற்றோடு கிடந்து வீட்டுக்குத் திரும்பினார். இன்றைக்கு எல்லாம் கூடிவந்தது, பாதை கூடிவரவில்லை. தொடையில் துளையிட்டு ஏற்றிய குழாய் இதயத்துக்கு மேலே வளைந்து, கழுத்தின் இடப்பக்கக் குழாய்க்குள் நுழைய வேண்டும். அங்கே ஒரு முறுக்கு. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. கம்பியை மாற்றினாள், குழாயை மாற்றினாள், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தள்ளினாள். கம்பியின் நுனி குழாயின் சுவரில் போய் முட்டுவதைத் திரையில் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள். இதற்குமேல் தள்ளினால் சுவர் கிழியும்.

"தலைக்குள்ள போகவே இல்லையா?" என்றாள் மனைவி.

"கழுத்தைத் தாண்ட முடியல. விட்டுட்டு வர்றதுதான் அவருக்கு நல்லதுன்னு நிறுத்திட்டேன்."

"இவ்வளவு நேரம் உள்ள வச்சிருந்தீங்களே! நானும் ஏதோ நடக்குதுன்னு வேண்டாத சாமி இல்ல." அவள் அழவில்லை. கைப்பையின் பட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. என்னால ஆகாது."

மயக்கம் தெளிந்ததும் மாஸ்டர் கேட்டார். டாக்டர் சொன்னாள். காலை மடக்காமல் மல்லாந்து கிடந்தபடி அவர் கூரையைப் பார்த்தார்.

"படி ஏறாதே, தண்ணில இறங்காதே, பாரம் தூக்காதே, கோவப்படாதேன்னு சொன்னீங்க. எல்லாத்தையும் கேட்டேன். கோவப்படாதேன்னு சொல்றப்ப எனக்கு எவ்வளவு கோவம் வருது தெரியுமா டாக்டர்?"

"தெரியும்."

"போதும். என்னை விட்டுடுங்க."

மறுநாள் யார் சொல்லியும் கேட்காமல் கிளம்பிப் போய்விட்டார்.

டாக்டருக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. மாஸ்டரின் படங்களைத் திரும்பத் திரும்பத் திருப்பிப் பார்த்தாள். கீழேயிருந்து ஏறும்போதுதான் அந்த முறுக்கு எமனாக நின்றது. இடது கை வழியாக வந்தால் இதயத்துக்கு மேலிருக்கும் பெரிய வளைவே குறுக்கிடாது. முறுக்கும் எதிர்த்து நிற்காமல் வழிவிடும். ஆனால் அவருடைய மணிக்கட்டுக் குழாய் மெலிசு என்று முன்பு அவளே அதை ஒதுக்கிவைத்திருந்தாள். இப்போது வேறு ஒல்லியான குழாயை வைத்து அளந்து பார்த்தாள். நூலிழை இடைவெளி இருந்தது. தெரிந்தவுடன் சந்தோஷம் வரவில்லை; முதலிலேயே ஏன் இதை யோசிக்கவில்லை என்று எரிச்சல்தான் வந்தது.

போன் செய்தாள். மாஸ்டர் எடுக்கவில்லை. மனைவிதான் எடுத்தாள். "நான் சொன்னா எரிஞ்சு விழறாரு. குளத்துலதான் இருக்காரு. முடிஞ்சா வந்து பேசிப் பாருங்க."

உள்நீச்சல் குளத்தின் கூடத்தில் குளோரின் வாடை மூக்கைத் துளைத்தது. சிறுவர்களின் கூச்சல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. மாஸ்டர் கரையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கையைத் தட்டித் தட்டிக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தார். கழுத்தில் விசில் தொங்கியது.

"ஊதக்கூடாதுன்னு வீட்டுல சட்டம் போட்டுட்டாங்க" என்றார், அவள் பார்வை போன இடத்தைக் கவனித்து. "தம் கட்டினா வெடிச்சிடுமாம்."

பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மணிக்கட்டு வழியைப் பற்றிச் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார்.

"ஒண்ணு கேக்கட்டா? தோத்துப்போனது உங்களுக்குத் தாங்கல. அதானே? என் தலையில ஜெயிக்கணும்னு வந்திருக்கீங்க."

சுருக்கென்றது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"தாங்கலதான். தூக்கம் வரல. ஆனா அதுக்காக மட்டும் வரல. இதை இப்படியே விட்டா பெருசாகும். இல்லேன்னா வெடிக்கும். தொட்டாலும் ஆபத்து இருக்கு. கை கால் விழலாம், பேச்சு போகலாம், உயிரே போகலாம். எது குறைச்சல்னு பார்த்தா, தொடறதுதான்னு எனக்குத் தோணுது."

"எரியற கொள்ளியில எது நல்ல கொள்ளி!" அவர் சிரித்தார். சிரிப்பு நிலைக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினார். "நேத்து ஒரு பொண்ணு அந்த ஆழத்துப் பக்கம் தத்தளிச்சா. எனக்கு ரெண்டு தலை தெரிஞ்சுது. கழியை நீட்டினேன். நான் நீட்டின பக்கம் ஆளே இல்ல, வெறும் தண்ணி. இன்னொரு மாஸ்டர் குதிச்சுத் தூக்கிட்டாரு. அவ நல்லா இருக்கா. நான்தான் நல்லா இல்ல." அவள் பக்கம் திரும்பி, "எப்ப வரணும்?" என்றார்.

இரண்டாம் முறையும் லேசில் முடியவில்லை. குழாய் பாதி ஏறியதும் முழங்கைக்குக் கீழே ரத்தக்குழாய் இறுகிக் கவ்விக்கொண்டது. முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. "இழுக்காதீங்க" என்றார் மயக்க டாக்டர். "இழுக்கலையே!" என்று சீறினாள். மருந்தைச் செலுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் அவளுக்குக் கம்பி ஏற்றுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. இறுக்கம் தளர்ந்தது. கழுத்து முறுக்கைக் குழாய் வழுக்கிக்கொண்டு தாண்டியது. வீக்கத்தைக் கடந்து ஸ்டென்டை விரித்தாள். இரண்டு முனையும் விரிந்தன. நடுவில் மட்டும் இடுப்பு மாதிரி ஒடுங்கி நின்றது. சின்ன பலூனை உள்ளே அனுப்பி மெதுவாக ஊதினாள். விரிந்தது. வீக்கத்துக்குள் சுழன்றடித்த ரத்தம் சோம்பலாகத் தேங்கியது.

கண் விழித்தபோது மாஸ்டருக்கு வலது கை தூக்க வரவில்லை. நாக்கு குழறியது. பெரிய குழாயிலிருந்து மூளைத்தண்டுக்குப் பிரியும் மயிரிழைக் கிளை ஒன்று அடைபட்டிருந்தது. இந்த வேலையில் அப்படி ஆவது உண்டு, அவள் முன்பே சொன்னதும் உண்டு. ஆனாலும் படுக்கைக்குப் பக்கத்தில் நின்ற மனைவியின் முகத்தை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கை மெல்லத் திரும்பியது. முதலில் டம்ளரைப் பிடித்தார், பிறகு சட்டைப் பொத்தானைப் போட்டார். பேச்சு தெளிந்ததும் முதல் வேலையாகக் கைக்குப் பயிற்சி கொடுக்க வந்தவரிடம் சண்டை போட்டார். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளால் உடம்பெங்கும் நீலத் திட்டு. எதில் இடித்தாலும் கன்றிப்போனது.

ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தை டாக்டர் திரையில் போட்டுக் காட்டினாள். வீக்கம் சரிபாதியாகச் சுருங்கியிருந்தது. மீதிப் பாதிக்குள் இன்னும் ரத்தம் போய்வந்துகொண்டிருந்தது.

"பாதிதானா?" என்றாள் மனைவி.

"பாதிதான். இன்னும் சுருங்கலாம். சுருங்காமலும் போகலாம். மறுபடி படம் எடுத்துத்தான் பார்க்கணும்." முழுசாக மூடிய படத்தைக் காட்ட எத்தனை ஆசைப்பட்டிருந்தாள் என்பது சொல்லும்போதுதான் அவளுக்கே உறைத்தது.

"நேரா பார்த்தா ஒண்ணாத்தான் தெரியுது" என்றார் மாஸ்டர். "இடது பக்கம் திரும்பினா இன்னும் ரெண்டு. சரி, தண்ணில இறங்கலாமா?"

"இடுப்பளவு. பக்கத்துல ஆள் இருக்கணும்."

"இடுப்பளவு தண்ணில நின்னு நான் என்ன துணியா அலசப்போறேன்?"

"இப்போதைக்கு அவ்வளவுதான் மாஸ்டர்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். வாசலில் லிப்டா, படியா என்று கணவனும் மனைவியும் வாக்குவாதம் செய்வது உள்ளே கேட்டது. கடைசியில் படியில் செருப்புச் சத்தம் இறங்கியது. டாக்டர் படத்தைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. மூடாத அந்தப் பாதியைப் பெரிதாக்கி, எந்த இடத்தில் ரத்தம் நுழைகிறது என்று தேட ஆரம்பித்தாள்.