எல்பிடியோவின் எடை

யுதெல்கா வண்டிமேல் உட்கார்ந்து இரண்டு குதிகாலையும் தரையில் அழுத்திப் பார்த்தாள். பட்டறையின் எண்ணெய் மண் செருப்பில் ஒட்டியது. நியூயார்க் போன தம்பி விட்டுப்போன, மலைப்பாதைக்கான உயரமான மோட்டார் சைக்கிள் அது. நேற்றுவரை அதில் ஏறினால் பெருவிரல் மட்டும் தரையைத் தேடித் துழாவும். மெக்கானிக் நீனோ, பின்பக்கத்து ஷாக் அப்சார்பர் இரண்டையும் கழற்றிவிட்டு, உடைசலுக்கு வந்த சின்ன வண்டியின் குட்டை ஷாக்குகளை மாட்டியிருந்தான். முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாதென்று ஃபோர்க் குழாய்களையும் பிடிப்பில் கொஞ்சம் மேலே ஏற்றி முடுக்கியிருந்தான். வண்டி இறங்கியதும் பக்கவாட்டு ஸ்டாண்டு நீளமாகிப்போய் வண்டியை மறுபக்கம் தள்ளப் பார்த்தது. அதையும் அறுத்துக் குட்டையாக்கிப் பற்றவைத்தாயிற்று.

"இப்ப நீ ராணிக்கா," என்றான் நீனோ. "உக்காந்த வாக்குலயே வாழைக்காய் உரிக்கலாம்."

ஓட்டல் சலவைக்கூடத்தை மூடியதிலிருந்து யுதெல்காவுக்கு வேலை இல்லை. சித்தி மகள் தலைநகரில் ஒரு வீட்டில் தங்கிச் செய்யும் வேலைக்குப் பேசி வைத்திருந்தாள். அந்த வீட்டில் யுதெல்காவின் மகள் நயெலிக்கு இடமில்லை. சந்தை முக்கு நிறுத்தத்தில் மோட்டார் சைக்கிளில் ஆளேற்றிச் சவாரி ஓட்டுபவர்களில் ஒருவர் மகன் வீட்டோடு போய்விட்டதால், அவருடைய எண் போட்ட மஞ்சள் சட்டை ஒன்று ஆணியில் தொங்கியது. அது கிடைத்துவிட்டால் ஊரைவிட்டுப் போக வேண்டாம். ஆனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேருகிறவர் நிறுத்தத்திலேயே கனமான ஆளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, கல்லறை மேட்டில் பாதியில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளம்ப வேண்டும். கனமான ஆள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. நிறுத்தத்தின் தலைவர் எல்பிடியோதான்.

"மசிச்ச வாழைக்காய் ரெண்டு தட்டு உள்ள போயிருக்கு. ஒளிக்காம சொல்லிட்டேம்மா," என்றபடி எல்பிடியோ ஏறினார். நிறுத்தத்தில் டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். வண்டி அமுங்கியது. நகர்ந்ததும் பின்சக்கரம் மட்கார்டில் கரகரவென்று உரசியது. மேட்டுக்குப் போகும் முன்பே ரப்பர் தீய்ந்த வாடை அடித்தது. நிறுத்திவிட்டாள்.

"வண்டியை இறக்கச் சொன்னா, உன் மெக்கானிக் குழி தோண்டிப் பொதைச்சிருக்கான்," என்றார் எல்பிடியோ இறங்கி. "சாயங்காலம் வா. அப்ப இன்னும் கனமா இருப்பேன்."

பட்டறையில் நீனோ மட்கார்டைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "கெட்டி ஸ்பிரிங் போட்டா திரும்ப உசந்துரும்க்கா. ஒண்ணு உனக்குக் கால் எட்டும், இல்ல ஆள் ஏறலாம். ரெண்டும் நடக்காது."

 எல்பிடியோ ஏறி வண்டி அமுங்கியபோது தன் முழங்கால் மடங்கியதை யுதெல்கா நினைத்துக்கொண்டிருந்தாள். சலவைக்கூடத்துத் தள்ளுவண்டி ஞாபகம் வந்தது. ஈரத்துணியைக் குவித்தால் அதன் அடித்தட்டு ஸ்பிரிங்கோடு கீழே போய்விடும். அள்ள அள்ள மெல்ல மேலே வரும். எத்தனை வருடம் அதன்முன் குனிந்து நிமிர்ந்திருக்கிறாள்.

"பழைய ஷாக்கையே மாட்டு."

"அப்புறம் கால் எட்டலைன்னு அழுவ."

"நான் என்ன ஊர் சுத்திப் பாக்கவா சேர்றேன்? பின்னால ஆள் இருக்கும்ல. என்னை மட்டும் உக்காரவெச்சு அளவெடுத்திருக்கடா நீ."

 நீனோ பழைய ஷாக்குகளைத் தேடி எடுத்து, ஸ்பிரிங் இறுக்கத்தைக் கடைசிப் படிவரை தளர்த்தி மாட்டினான். ஃபோர்க் குழாய்களையும் பழையபடி இறக்கி முடுக்கினான். எல்லாம் முடிந்த பிறகுதான் முனகினான். "ஸ்டாண்டைக் குட்டையா அறுத்துட்டேனேக்கா."

"அறுத்தது போகட்டும்."

சாயங்காலம் கல்லறை மேட்டின் பாதியில், சுண்ணாம்பு அடித்த சுவருக்கு நேராக நிறுத்தினாள். வலது கால் பிரேக்கில். இடது பாதம் முழுசாகத் தரையில் பதிந்திருந்தது. வழியில் படுத்திருந்த நாய் எழுந்து சோம்பல் முறித்துவிட்டு மறுபடி படுத்தது.

"பயமா இருந்தா சொல்லும்மா, இறங்கிக்கிறேன்," என்றார் எல்பிடியோ.

"அசையாதீங்கண்ணே. நீங்க இருந்தாத்தான் எனக்குக் கால் எட்டும்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வண்டியே குலுங்கியது. குலுக்கம் நிற்கும்வரை பொறுத்திருந்து, கிளச்சை விட்டாள். வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்வாங்காமல் மேலேறியது.

நிறுத்தத்துக்குத் திரும்பியதும் எல்பிடியோ இறங்கினார். அவர் இறங்க இறங்க வண்டி எழும்பியது. யுதெல்காவின் குதிகால் தரையை விட்டது. விரல்நுனியில் நின்று, இடுப்பை ஒருபக்கம் சாய்த்து, ஸ்டாண்டைத் தட்டிவிட்டாள். அறுத்த ஸ்டாண்டு தரைக்கு எட்டாமல், வண்டி விழுந்துவிடுவதுபோலச் சரிந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். 

எல்பிடியோ அங்குமிங்கும் பார்த்தார். டோமினோ மேசையின் ஒரு காலுக்கு அண்டை கொடுத்திருந்த தட்டைக் கல்லைக் குனிந்து உருவினார். வண்டி வரிசையின் கடைசியில் அதைப் போட்டுக் காலால் சரிசெய்தார்.

"இந்தா, இங்க நிறுத்து."

"யோவ், ஆட்டம் நடக்குதுய்யா," என்றது ஒரு குரல்.

வண்டி கல்லின்மேல் காலூன்றி நின்றது. பின்னால் மேசை மெதுவாக ஒரு பக்கம் இறங்க, டோமினோ வில்லைகள் ஒவ்வொன்றாகச் சறுக்கத் தொடங்கின.