கேட் பூட்டியிருந்ததா?

மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் சலவை ஆலை அது. அங்கே பாய்லரைக் கவனித்துக்கொள்பவரை எல்லோரும் 'ஆவி' என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் வருவதற்குள் நெருப்பு மூட்டி, இஸ்திரி உருளைகளுக்கு நீராவி தயாராக வைத்திருப்பார். அவர் மனைவிக்கு அதே ஆலையில் விரிப்பு மடிக்கும் வேலை.

அந்த மாதம் இருவருக்குமே ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்திருந்தார்கள். மனைவிக்குப் பிடித்தது அவருக்குப் புரிந்தது. மடிப்புப் பிரிவில் புழுக்கம் தாங்காமல் மின்விசிறி கேட்டுத் தொழிலாளிகள் எல்லோரும் வாசலில் நின்ற நாள் அது. ஒரு மணி நேரம் நின்றுவிட்டு உள்ளே வருவதாகத்தான் பேச்சு. ஆனால் பொழுது சாயும்வரை யாரும் வரவில்லை. சரி, அவர் உள்ளேதானே இருந்தார்? அவருக்கு ஏன் பிடித்தார்கள்?

கணக்கரிடம் போய்க் கேட்டார்.

"அன்னைக்கு யாருமே வேலை பார்க்கலைன்னு பதிவாகியிருக்கு அண்ணே. வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்கச் சட்டமே இடம் கொடுக்குது."

"நான் பாய்லர்ல இருந்தேனே சார். சூடா இருக்கிறதை விட்டுட்டுப் போக முடியுமா?"

"அடடா, ஆவி கண்ணுக்குத் தெரியாமப் போச்சா!" என்று சிரித்த கணக்கர், ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "கேட் நாள் முழுக்கத் திறந்துதான் இருந்துச்சு, நான் வந்து வேலை பார்த்தேன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுங்க. உங்க பணத்தைச் சேர்த்துடறேன்."

பேனாவை எடுத்தவர், திரும்ப வைத்துவிட்டார். தான் வேலை பார்த்ததற்கும் கேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி பதறிப்போனார். "எழுதிக் கிழுதிக் கொடுத்துடாதீங்க! கேட் திறந்திருந்தா நாங்களாத்தான் வரலைன்னு ஆயிடும், முழு நாள் சம்பளமும் போச்சு. பூட்டியிருந்தா, வந்தவங்களை அவங்கதான் உள்ளே விடலைன்னு அர்த்தம். அப்போ நாங்க நின்ன ஒரு மணி நேரத்துக்குத்தான் பிடிக்கலாம். தொழிலாளர் ஆபீஸ்ல மனு கொடுத்திருக்கோம்."

"பூட்டியா இருந்துச்சு?"

"நல்லா கேட்டீங்க போங்க! கை வலிக்கிற வரைக்கும் தட்டினோம். வாட்ச்மேன் திறந்திருந்துச்சுன்னு சாதிக்கிறான். உள்ளே இருந்த இன்னொரு ஆள் நீங்கதான்."

பாய்லர் இரைச்சலில் அவர் காதில் எதுவும் விழவில்லை. மத்தியானம் மட்டும், சாப்பாட்டு டப்பா மனைவியின் பையில் இருந்ததால், தீயைத் தணித்துவிட்டுக் கேட் வரை போனார். சாவித்துளை வைத்த இரும்புக் கதவு. பூட்டினாலும் பூட்டாவிட்டாலும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். கை வைத்தார். அசையவில்லை. பட்டினியோடு திரும்பிவிட்டார். கதவு பூட்டியிருந்ததா? துருவேறிச் சிக்கிக்கொண்டதா? இல்லை, வெயிலில் நிற்கிறவர்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுத் தானேதான் பலமாகத் தள்ளவில்லையா? யோசிக்க யோசிக்க எல்லாமே உண்மை போலத் தோன்றியது.

விசாரணையில் அதிகாரி அம்மா அவரையும் கூப்பிட்டார். ஒரு பக்கம் மேலாளர், இன்னொரு பக்கம் மனைவியும் மடிப்புப் பிரிவுப் பெண்களும்.

"கேட் பூட்டியிருந்ததா?"

"கை வச்சேன் மேடம். அசையல. பூட்டியிருந்துச்சான்னு எனக்குத் தெரியாது."

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டார். மேலாளர் முகத்தில் சிரிப்பு.

அதிகாரி மேலாளரைப் பார்த்தார். "அவரும் வெளியே போயிருந்தா? பாய்லரை யார் பார்த்திருப்பா? ஆபத்து இல்லையா?"

"அந்தப் பயம் எங்களுக்கு இல்லையா மேடம்? அவரும் கிளம்பிடக் கூடாதுன்னுதான் கேட்டையே பூட்டச் சொன்னேன்."

மடிப்புப் பிரிவுப் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மேலாளர், தான் என்ன சொன்னோம் என்று தேடுவதுபோல் மேசையைப் பார்த்தார்.

"எப்போ பூட்டச் சொன்னீங்க?" என்றார் அதிகாரி, எழுதிக்கொண்டே.

ஒரு மணி நேரச் சம்பளம் போக மீதியை எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்தார்கள். ஆவிக்கும் அப்படித்தான் வந்தது. அவர் மறுபடி கணக்கரிடம் போனார்.

"அந்த ஒரு மணி நேரமும் நான் உள்ளேதானே சார் இருந்தேன்?"

"உங்களுக்குப் பிடிச்சது தப்புதான் அண்ணே. எல்லாருக்கும் ஒரே மாதிரி போட்டாச்சு. தனியா மனு கொடுங்க, மாத்திடலாம்."

தங்களைப் போலவே அவருக்கும் ஒரு மணி நேரச் சம்பளம் போனதால், அந்த வாரம் முழுக்க மடிப்புப் பிரிவுப் பெண்கள் அவரை 'நம்மகூட நின்ன அண்ணன்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் நிற்கவே இல்லை. மனு கொடுத்தால் அதை ஊரறியச் சொன்னதாகிவிடும். கொடுக்காவிட்டால் பொய்யா?

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று வந்துவிட்டார்.

சாயங்காலம் மனைவி கேட்டார். "என்ன சொன்னாங்க?"

"அன்னைக்கு நான் வெளியே இருந்தேனா, உள்ளே இருந்தேனான்னு எழுதித் தரணுமாம்."

"எழுத வேண்டியதுதானே? எங்கே இருந்தீங்க?"

 அவர், குளித்துவிட்டு வருகிறேன் என்று துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மனுவை அவர் கடைசிவரை கொடுக்கவே இல்லை.