நின்று நின்று ஓடிய வண்டி

நீளமான காம்பவுண்டுச் சுவர் தொடங்கும் இடத்தில் வண்டி மறுபடியும் நின்றுவிட்டது. முதலில் ஒரு இருமல். பிறகு இழுவை குறையும். முறுக்க முறுக்க இன்னும் சோர்ந்து, கடைசியில் செயின் சத்தம் மட்டும் மிஞ்சும். ஓரங்கட்டினேன். அந்தச் சுவரில் பெயிண்ட் விளம்பரம் ஒன்று எழுதியிருக்கிறார்கள். தலை நரைக்கத் தொடங்கிய பிறகு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவன் நான். ஆனாலும் வண்டி நிற்கிறபோதெல்லாம் படித்து, இப்போது அதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பெட்ரோல் இருக்கிறதா என்று திறந்து பார்த்தேன். இருந்தது. உதைத்தேன். ஒன்றுமே நடக்காதது மாதிரி எடுத்துக்கொண்டது. இதுதான் அதன் குணம். தினமும் நின்றால் ஒரு வழி பண்ணலாம். இரண்டு நாள் தங்கமாக ஓடும், மூன்றாம் நாள் கழுத்தறுக்கும்.

மரக்கிடங்கில் நாங்கள் ஜோடி ஜோடியாக வேலை செய்கிறவர்கள். ஒரு தடியை முன்னால் ஒருத்தன், பின்னால் ஒருத்தன் தூக்க வேண்டும். நான் வராவிட்டால் என் ஜோடியும் சும்மா உட்கார்ந்திருப்பான். அன்றைக்கும் உட்கார்ந்திருந்தான். மேஸ்திரி வாசலிலேயே நின்றார்.

"வாங்க மாப்ள. பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாம் காத்துக்கிட்டு இருக்கோம்."

லாரி மேல் நின்றவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை.

"இந்த வண்டிய நம்பி இனி ஆள் வச்சுக்க முடியாது. திங்கக்கெழமையில இருந்து கொட்டகையில வந்து தங்கு. ஞாயித்துக்கெழமை வீட்டுக்குப் போய்க்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, உன் எடத்துக்கு ஆள் இருக்கு."

கொட்டகை எனக்குப் புதிதில்லை. மீசை முளைக்கும் முன்பிருந்தே தகரக் கூரைக்குக் கீழே வரிசையில் படுத்தவன். கல்யாணமாகியும் அப்படித்தான். பிள்ளைகள் வளர்ந்ததைத் தவணை தவணையாகத்தான் பார்த்தேன். சின்னவளையும் கட்டிக்கொடுத்த பிறகு, இந்தப் பழைய வண்டியை வாங்கிய பிறகுதான், தினமும் வீடு திரும்புகிற மனிதனானேன். மனைவியும் நானும் ஒரே வீட்டில் இருக்க இப்போதுதான் பழகிக்கொண்டிருந்தோம். நான் குறட்டை விடுவேன் என்பதே அவளுக்குப் புதுச் செய்திபோல் இருந்தது.

விஷயத்தைச் சொன்னபோது அவள், "கொட்டகையா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் பார்த்தால் என் போர்வையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். அதைத் தள்ளிக்கொண்டு குனிந்துதான் வெளியே வர வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மெக்கானிக்கிடம் போய் நின்றேன். அவனுக்கும் இந்த வண்டி அலுத்துவிட்டது. இதற்கு முன்பே பிளக் மாற்றினான், காயில் மாற்றினான், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். ஒவ்வொரு முறையும் அவனே ஓட்டிப் பார்ப்பான், பாலம் வரை போய்விட்டு வருவான், ஒரு குறையும் இருக்காது.

"டாக்டரைப் பாத்ததும் காய்ச்சல் ஓடிப்போற மாதிரி பண்ணுதுண்ணே உங்க வண்டி. எங்கிட்ட வந்தா நடிக்குது."

"நான் நடிக்கலையே தம்பி. நாளைக்குள்ள இது சரியாகலைன்னா நான் வாரத்துக்கு ஒருநாள் புருஷன்."

அவன் சிரிக்க வாய் திறந்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். வழக்கம்போல டேங்க் உறையைக் கழற்றி, மடித்து, கிரீஸ் படாத இடமாகப் பார்த்து வைத்தான். அந்த உறைக்கு அவனிடம் எப்போதும் அந்த மரியாதை உண்டு. என் மனைவி சீட் தைக்கிற கடையில் வேலை செய்கிறாள். மிஞ்சிய ரெக்சின் துண்டுகளைச் சேர்த்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது. டேங்கில் பெயிண்ட் உரிந்து சொறி பிடித்த மாதிரி இருந்ததை மறைக்கத்தான் தைத்தாள். பெட்ரோல் மூடி வருகிற இடத்தில் மழைத்தண்ணீர் இறங்காமல் ஒரு தனி மடிப்பும், அதை அழுத்தி மூட நாலு பட்டனும் வைத்திருந்தாள். கிடங்கில் எல்லாரும் தொட்டுப் பார்த்த உறை.

மெக்கானிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தான்.

"வாயால சொல்ல வேண்டாம்ணே. வண்டி நின்னுடுச்சு. இறங்கிட்டீங்க. அடுத்து கை என்ன பண்ணும்? செஞ்சு காட்டுங்க."

வெட்கமாக இருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர்கள் பார்த்தார்கள். இறங்கினேன். ஸ்டாண்டு போட்டேன். கை தானாக டேங்குக்குப் போய், அங்கே இல்லாத பட்டன்களைத் தேடி அந்தரத்தில் நின்றது.

"என்னண்ணே?"

"உறை இருந்தா இந்த மடிப்பைத் திறப்பேன். அப்புறம் மூடியத் திறந்து பெட்ரோல் இருக்கான்னு பாப்பேன். மூடிட்டு உதைப்பேன். எடுத்துக்கும்."

"எப்பவுமே தொறந்து பாப்பீங்களா?"

"பெட்ரோல் இல்லாம எத்தன தடவ உதைக்கிறது?"

அவன் எழுந்துபோய் உறையை எடுத்துவந்து வண்டிக்கு மாட்டினான். நாலு பட்டனையும் கட்டைவிரலால் அழுத்தினான். என்னைப் பின்னால் உட்காரச் சொன்னான். பாலத்தைத் தாண்டினோம். சந்தைப் பக்கம் தாண்டினோம். மேட்டில் ஏறும்போது வண்டி இருமியது. அவன், "வாடி, வா," என்று கத்தினான். நின்றது. மடிப்பைத் திறந்து மூடியை மெல்லத் திருகினான். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது.

"இந்த மூடியில ஒரு சின்ன ஓட்டை இருக்குண்ணே. பெட்ரோல் எறங்க எறங்க மேல காத்து போகணும். உங்க வீட்டம்மா பஞ்சு வச்சு அந்த மூக்க அடைச்சிருக்காங்க. நான் கிறுக்கன், அழுக்காகக் கூடாதுன்னு கழட்டிக் கழட்டி வச்சிட்டு ஓட்டிப் பாத்திருக்கேன்."

அவசரத்தில் பட்டனைச் சரியாக அழுத்தாத நாட்களில் வண்டி தங்கமாக ஓடியிருக்கிறது. நிதானமாக, பார்த்துப் பார்த்து மூடிய நாட்களில் நின்றிருக்கிறது. உறையைக் கழற்றிப் போட்டால் தீர்ந்தது. ஆனால் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அது எனக்குத் தீர்ந்த மாதிரி இல்லை. கழற்றி வந்தால் ஏன் என்பாள். பொய் சொல்லலாம், கிழிந்துவிட்டது என்று. அவள் தைத்தது கிழியாது.

பட்டனை மட்டும் அழுத்தாமல், உறையோடே வந்து நிறுத்தினேன். அவள் படியில் உட்கார்ந்து, காய்ந்த போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். முழுசாகக் கேட்டாள்.

"அப்ப உங்களை ரோட்டுல நிறுத்தினது நானா?"

"நீ இல்ல. பஞ்சு."

"பஞ்சு தானா போய் உக்காந்துச்சாக்கும்." போர்வையை வைத்துவிட்டு எழுந்தாள். "நான் நம்பல. அவனுக்குக் கண்டுபிடிக்கத் தெரியாம என் மேல பழி போடறான். எடுங்க வண்டிய."

கடையில் நூல் வெட்டுகிற குட்டிக் கத்தரி அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டே வந்தது. பட்டன்களை அவளே அழுத்தினாள், மெக்கானிக்கைவிட பலமாக. கிடங்குச் சாலையில் போகச் சொன்னாள். விளம்பரச் சுவருக்கு வெகு முன்பே வண்டி இருமியது. நின்றதும் இறங்கி, என்னை விலகச் சொல்லி, மடிப்பைத் திறந்தாள். மூடியில் காதை வைத்துக்கொண்டு திருகினாள். அந்த உஸ் சத்தம் நின்ற பிறகும் காதை எடுக்கவில்லை.

"பாவம், எத்தன நாளா," என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

உறையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினாள். உதைத்தேன். எடுத்துக்கொண்டது. வீட்டைப் பார்த்துத் திருப்பப் போனேன்.

"நேரா போங்க. எவ்வளவு தூரம் ஓடுதுன்னு பாக்கணும்."

சுவர் வந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. முதுகுக்குப் பின்னால் கத்தரிச் சத்தம் கேட்டது. மடிப்பின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வண்டி குலுங்கும்போது கத்தரி நிற்கும், பிறகு தொடங்கும். அறுந்த நூல்கள் காற்றில் சுற்றி வந்து என் கழுத்து வியர்வையில் ஒட்டின. துடைக்கக் கையை எடுக்காமல் ஓட்டினேன்.