கரண்டி மூக்கனுக்கு இரண்டு கையெழுத்து

1
இந்தக் கதை பிறந்தது என் கலைத்தாகத்தில் என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். பிறந்தது குற்ற உணர்ச்சியில்.

‘1968 ஜனவரி. கோடிக்கரையில் பொற்கதிர் பரப்பி எழுந்த...’ வேண்டாம். சூரியன் எழுந்தபோது நான் எழவில்லை.

2
பெங்களூரில் கடல் கிடையாது. ஆகவே எங்கள் பறவை பார்ப்போர் சங்கம் வேன் பிடித்துக் கடலுக்குப் போனது. ரிச்சர்ட்ஸ் டவுன் ஓஸ்வால்ட் வந்தார். (இவ்வளவு யோக்கியரை வாசகர் நம்புவாரா? சந்தேகம்தான். இருக்கட்டும்.) நீலசந்திரா முனிகிருஷ்ணன் வந்தார், வேனை ஓட்ட. ஆராவமுதன் என்கிற நான் வந்தேன். செயலாளர், விதிகளை எழுதியவன்.

முக்கிய விதி: அரிய பறவையைப் பார்த்த இரண்டு உறுப்பினர்கள் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அதுவரை அது பறவையல்ல, வதந்தி.

3
சேற்றில் ஆயிரம் உள்ளான்கள். சின்னச் சின்னப் பறவைகள், எல்லாம் ஒரே ஜாடை. முனிகிருஷ்ணன் கை நீட்டினார்.

“சார், அந்தக் குட்டிய பாருங்கோ. மூக்குல ஸ்பூன் மாட்டிகினு கீது.”

ஓஸ்வால்ட் பைனாகுலரை உயர்த்தினார். “முனி, இருபது வருஷமா இதுக்குத்தான் மேன் அலையறேன்!”

இரண்டாவது உறுப்பினரைத் தேடினார்கள். அவர் சவுக்கு நிழலில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்புவதற்குள் பறவை போய்விட்டது.

4
படிவத்தில் இரண்டாவது கையெழுத்தை முனிகிருஷ்ணன் கன்னடத்தில் போட்டிருந்தார். டிரைவர் உறுப்பினரா? நான் விதியை மதிப்பவன். அவர் பெயரை அடித்துவிட்டு...

(இந்த வாக்கியத்தை நான்கு முறை பாதியில் விட்டேன்.)

...என் பெயரை எழுதினேன். சங்கத்தின் ஆங்கில இதழில் வந்தது: ‘கண்டவர்கள்: ஓஸ்வால்ட், ஆராவமுதன்.’

மறுநாள் முனிகிருஷ்ணன் இதழோடு வந்தார். “இங்கிலீஷு நமக்கு வராது சார். புக்குல பேரு வருதுன்னு வூட்ல சொல்லிட்டேன். எந்தப் பக்கம் சார்?”

“அடுத்த இதழ்ல வரும்பா” என்றேன். அவர் கும்பிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

5
முடிவு ஒன்று: நான் மனம் திருந்தி விதியை மாற்றினேன். (என்னை இதற்குள் தெரிந்துகொண்டிருப்பீர்கள். நம்ப மாட்டீர்கள்.)

முடிவு இரண்டு: ஓஸ்வால்ட் திருத்தப் படிவம் அனுப்பியிருக்கிறார். ‘கண்டவர்: முனிகிருஷ்ணன்’ என்று எழுதி, கீழே தன் கையெழுத்து. ஆனால் திருத்தத்துக்கும் இரண்டு வேண்டும். அதுவும் நான் எழுதிய விதிதான். நானோ தூங்கினவன்.

மூன்றாம் பகுதியில் நீங்கள் விழித்திருந்தீர்கள். உறுப்பினர் இல்லைதான். முனிகிருஷ்ணனும் இல்லை.

இரண்டாவது சாட்சி: ______________