வியாழக்கிழமைச் சப்பாத்து

ஒன்பது வருடம் நடந்து மூடப்பட்ட தனியார் பாடசாலைக்கு வரலாறு இருக்கக் கூடாதா? என் கணவர் ஸிராஜைக் கேட்டால் கூடாது என்பார். அவர் படித்தது நூறு வருடம் தாண்டிய அரசாங்கப் பாடசாலை.

“ஒன்பது வருஷத்துக்கு என்ன புள்ள வரலாறு? நம்மட குசினிப் பிரிட்ஜுக்குப் பதினாலு வருஷம். அதுக்கும் ஒரு நினைவு மலர் அடிப்பமா?”

எனக்குச் சுள்ளென்று வந்தது. பழைய மாணவர் சங்கச் செயலாளரிடம் பேசுகிற பேச்சா இது?

“எங்களுக்கும் பாரம்பரியம் இரிக்கி. ஒன்றுகூடலுக்கு வந்து பாருங்க” என்றேன்.

உண்மையிலேயே இருந்தது. நிந்தவூர் மூன்ஸ்டார் பாடசாலையில் வியாழக்கிழமை என்றால் எல்லோரும் கேற்றடியில் சப்பாத்தைக் கழற்றி, வலக்கையில் தூக்கிப் பிடித்து, வெறுங்காலோடு வகுப்புக்குப் போவோம். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. மலரில் நான் இரண்டு பக்கம் எழுதினேன்: ‘ஏழையும் பணக்காரனும் ஒரே மண்ணில் கால்வைக்கும் பணிவு.’ எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது.

பாடசாலைக் கட்டடம் இப்போது கல்யாண மண்டபம். ஒன்றுகூடலையும் ஒரு வியாழக்கிழமையில்தான் வைத்தோம். அறுபது பேர் சப்பாத்தும் கையுமாக அதற்குள் நுழைந்தோம். டொக்டரும் வந்தார், ஆட்டோக்காரரும் வந்தார். ஸிராஜ் எங்கள் வெறுங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போதுதான் எங்கள் பழைய அதிபர் அப்துல் ஸமட் சேர் மலரைப் படித்துவிட்டு நாடியைச் சொறிந்தார்.

“முஸ்பிறா, இது பணிவு இல்ல புள்ள. தண்ணி.”

“என்ன தண்ணி சேர்?”

“வியாழக்கிழமையில வயலுக்கு வாய்க்கால் திறப்பாங்க. கேற்றடியில முழங்கால் தண்ணி நிக்கும். சப்பாத்து நனையும் எண்டு கழட்டச் சொன்னன். அடுத்த வருஷமே வாய்க்காலுக்குக் கரை கட்டிட்டாங்க. பிறகு தண்ணி வரல்ல.”

நான் சேர்ந்தது அதற்குப் பிறகு. கேற்றடியில் சொட்டுத் தண்ணீரைக் கண்டதில்லை.

“அப்ப நாங்க ஏன் சேர் கழட்டினம்?”

“நிப்பாட்டச் சொல்ல மறந்துட்டன்.”

எட்டு வருடம் மறந்திருக்கிறார் மனிதர்.

“மேடையில சொல்லிராதீங்க சேர். எங்கட வீட்டுக்காரர் இரிக்கார்.”

“பொய் சொல்ல ஏலாது புள்ள.”

மைக்கைப் பிடித்து ஒன்றுவிடாமல் சொன்னார். இரண்டாவது வரிசையில் ஸிராஜ் சிரித்த சிரிப்பில் கதிரை ஆடியது. என் மானம் கப்பலேறியது.

“அண்டைக்குச் சொல்ல மறந்தத இண்டைக்குச் சொல்றன்” என்றார் சேர். “எல்லாரும் சப்பாத்தப் போடுங்க.”

ஸமட் சேர் சொல்லி நாங்கள் கேட்காமல் இருந்ததே இல்லை. அன்றைக்கு ஒருவரும் குனியவில்லை. டொக்டர் தன் சப்பாத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். சேர் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மேடையில் கிடந்த கதிரையில் உட்கார்ந்து, தன் சப்பாத்தைக் கழற்றி வலக்கையில் எடுத்துக்கொண்டார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

திரும்பி வரும்போது ஸிராஜ் மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டினார். ஹேண்டிலில் அவருடைய சப்பாத்து தொங்கியது.

“கால் வேர்க்குது” என்றார் அவராகவே.