மாணிக்கவாசகம் பி.ஏ. எப்படிச் செத்தார்

வெள்ளிக்கிழமையை நினைத்தாலே சங்கீதாவுக்குப் பயமாக இருந்தது. அன்றைக்குத்தான் மகள் காயத்ரி சென்னையில் மேடையேறித் தங்கப் பதக்கத்தோடு பட்டம் வாங்கப் போகிறாள். வேறு வீடாக இருந்தால் தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்திருப்பார்கள். இந்த வீட்டில் மூன்று நாளாக யாருக்கும் சோறு இறங்கவில்லை.

எல்லாம் மாணிக்கவாசகம் பி.ஏ. செய்த வேலை. அவர், சங்கீதாவின் கணவன் ஜெயக்குமாருடைய கொள்ளுத்தாத்தாவுக்கு அண்ணன். பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரர்களில் முதல் பட்டதாரி என்று வீட்டில் பெருமை. 1888இல் பட்டத்தோடு மேடையை விட்டு இறங்கியவர் அங்கேயே ரத்தம் கக்கிச் செத்தார் என்பதும் வீட்டுக் கதைதான். அன்று முதல் குடும்பத்தில் யார் படித்தாலும் பட்டம் தபாலில்தான் வரும். மாசி மாதம் அவருக்கென்று வெள்ளை வேட்டி ஒன்று நெய்து படையலில் வைப்பார்கள். இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று சிரித்துவிட்டு 1978இல் மேடையேறினார் ஜெயக்குமாரின் சித்தப்பா கதிர்வேல். இருபதாம் நாள் பாலாற்றுப் பாலத்தில் லாரி அடித்துவிட்டது. அதற்கப்புறம் யார் சிரிப்பார்கள்?

காயத்ரி சிரித்தாள். "அவரு நெஜமா அப்டித்தான் செத்தாருன்னு காட்டும்மா, நான் போகல." அவளும் மாணிக்கவாசகம் படித்த அதே கல்லூரிதான். அங்கே பழைய ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் கிறிஸ்டோபருக்குப் போன் போட்டுப் போட்டு இரண்டு வாரமாகச் சங்கீதா உயிரை எடுத்தாள். செத்தார் என்றே இருக்கட்டும் என்று ஏகாம்பரநாதரிடம் வேண்டிக்கொண்டாள். அவளுக்கு மட்டும் தெரிந்த இன்னொரு பயமும் இருந்தது. மகளோடு படித்த ஜோசுவா. அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று காயத்ரி சொல்லியிருந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் கிறிஸ்டோபரே கூப்பிட்டார்.

"மேடம், அவர் அப்போ சாகல மேடம். மூணு காகிதம் வாட்ஸ்அப்ல அனுப்பிருக்கேன், பாருங்க."

முதலாவது, தகப்பனார் கல்லூரிக்கு எழுதியது: 'என் மகன் மாணிக்கவாசகம் மாசி பத்தாந்தேதி இறந்தான். அவன் பேருக்கு இனிக் கடிதம் அனுப்ப வேண்டாம்.' இரண்டாவது, ஒன்றரை வருஷம் கழித்து வேலூரிலிருந்து: 'எஸ்தர் என்கிற பெண்ணை மணந்ததற்காக என் தகப்பனார் எனக்குத் தலைமுழுகிக் கருமாதியும் முடித்துவிட்டார். வாத்தியார் வேலைக்குச் சான்று கேட்டால், செத்தவனுக்குத் தர இயலாது என்கிறீர்கள். நான் உயிரோடிருக்கிறேன் ஐயா. அதையாவது எழுதிக் கொடுங்கள்.' மூன்றாவது கல்லூரி இதழில் வந்த இரங்கல் குறிப்பு. வருஷம் 1934.

சாபம் ஏதுமில்லை, சங்கீதாவுக்கு அப்பாடா என்றிருந்தது. அடுத்த நிமிஷமே பின்கட்டுக் கிணற்றைத் திரும்பிப் பார்த்தாள். தலைமுழுகியது இதே வீட்டில், இதே கிணற்றுத் தண்ணீரில்.

தறிச் சத்தம் நின்றது. "இன்னாவாம்?" என்றார் ஜெயக்குமார்.

செத்துத்தான் போனாராம் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மகள் மேடையேற மாட்டாள், ஜோசுவா பேச்சும் கொஞ்ச நாள் தள்ளிப்போகும். ஆனால் அந்தத் தகப்பனாருக்கு அடுத்தபடி தானும் மாணிக்கவாசகத்தைக் கொல்வதா என்று மனசு ஒப்பவில்லை. போனை நீட்டினாள்.

ஜெயக்குமார் எழுத்துக் கூட்டிப் படித்தார். கண் கலங்கிவிட்டது. "அப்போ நம்ம கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

"ஆவாதுங்க."

"வெள்ளிக்கிழம நாமளும் போலாம்." வேட்டி நுனியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பெத்தவரயும் குத்தம் சொல்லக் கூடாதும்மா. அவரு எடத்துல நான் இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார்! வெள்ளிக்கிழமை ஜோசுவா வீட்டாரும் வருவார்கள். இனி மறைத்துப் பயனில்லை.

"நம்ம காயத்ரியும் ஒரு பையன விரும்பிக்கினு இருக்குதுங்க. ஜோசுவான்னு பேரு."

ஜெயக்குமார் தறிக்குழியிலிருந்து ஏறி, கொடியில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தார். காலையில்தான் குளித்திருந்தார்.

சங்கீதா ஓடிப்போய்க் கிணற்றடி வாசலை மறித்து நின்றாள். இருபத்தைந்து வருஷத்தில் அவரை அவள் எதிர்த்ததில்லை.

"ஊத்திக்கோங்க," என்றாள். "அவ ஒருத்திக்கு மட்டும் ஊத்திக்காதீங்க. எனக்கும் சேத்து ரெண்டு சொம்பா ஊத்திக்கோங்க."