மோட்டாரின் இரண்டாம் பாகம்

"ஏனுங்க, உங்க புள்ளையோட மோட்டாரு கடலைக் குடிச்சுதா இல்லீங்களா?" என்று நஞ்சப்பன் கேட்டபோது என் வாயில் பாதி தேங்காய் பன் இருந்தது. அன்னூரிலிருந்து பஸ் பிடித்து எங்கள் ஊர் கணபதியில் உள்ள பேக்கரிக்கு அவர் வந்ததே இதைக் கேட்கத்தான். மாட்டுத் தீவனம் வாங்க வந்ததாக அவர் சொல்வதை யார் நம்புவது?

கேள்விக்குக் காரணம் என் மகள் ஹரிதா. சென்னையில் ஓவியக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். போன வருடம், தொண்ணூற்றாறில், இரண்டரை நிமிடத்துக்கு ஒரு கார்ட்டூன் படம் எடுத்தாள். ஆயிரத்து எண்ணூறு தாள், அத்தனையும் கையால் வரைந்தது. கிணறு வற்றிவிடுகிறது, மோட்டார் எழுந்து, பைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர் தேடி நடக்கிறது, கடற்கரைக்குப் போய் பைப்பைக் கடலில் விடுகிறது. அவ்வளவுதான் படம். மாணவர் படப் போட்டியில் முதல் பரிசு. நடுவர்கள் எழுந்து நின்று கால் மணி நேரம் கைதட்டினார்கள். "அரை நிமிசம் இருக்கும் நைனா" என்கிறாள் ஹரிதா. அவளுக்கு வாட்ச் பார்க்கத் தெரியாது.

அந்த கேசட்டை நான் போட்டுக் காட்டாத வீடு கணபதியில் இரண்டே இரண்டு. ஒன்று பூட்டிக் கிடந்தது, இன்னொன்றில் கரண்ட் இல்லை. பார்த்தவர்கள் எல்லோரும் நஞ்சப்பன் கேட்டதையே கேட்டார்கள். முப்பத்து நான்கு வருடம் பம்புசெட் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தவன், பதில் தெரியாது என்று சொல்வேனா? "ரெண்டாம் பாகம் வருதுங்க" என்று சொல்லிப்போட்டேன். குடியிருப்போர் சங்கம் ஆண்டு விழா நோட்டீஸிலேயே அதை அச்சடித்துவிட்டது.

தீபாவளியோடு சேர்த்து இரண்டு வார லீவில் வந்த ஹரிதா நோட்டீஸைப் படித்தாள்.

"அது முடிஞ்சுபோன கதை நைனா. இனி என்ன செய்யும்? உப்புத் தண்ணி குடிச்சு வாந்தியெடுக்குமா?"

"எடுக்கட்டுமே கண்ணு. சனம் சிரிக்கும்."

"காலேஜை விட்டு வர்றதுக்குள்ள இன்னும் ஒரே ஒரு படந்தான் பண்ண முடியும். அதையும் இந்த மோட்டாருக்கே குடுக்கோணுமா?"

நியாயம்தான். ஆனால் ஊருக்கெல்லாம் வாக்குக் கொடுத்தவன் நான் அல்லவா? நானே வரைந்துவிடுவது என்று உட்கார்ந்தேன். பதினோரு நாளில் இருநூறு தாள். போல்ட், நட்டு, ஃபேன் கவர், எதிலும் ஒரு மில்லிமீட்டர் பிசகில்லை. கட்டி வைத்து விரலால் சரசரவென்று புரட்டினேன். மோட்டார் தரையோடு போல்ட் அடித்தது போல நின்றது.

ஹரிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். "அளவெல்லாம் சரியா இருக்குது நைனா. அதனாலதான் நடக்க மாட்டேங்குது."

நான் லட்சம் மோட்டார் பூட்டியிருப்பேன். ஒன்றுகூட எனக்காக ஓர் அடி எடுத்து வைத்ததில்லை. இவள் கடல்வரை நடத்திக் கூட்டிப்போயிருக்கிறாள்.

மறுநாள் அவளையும் அழைத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனேன். நஞ்சப்பனும், மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடைக்காரர் அப்துல் நாசரும் இருந்தார்கள்.

"ரெண்டாம் பாகம் கிடையாதுங்க" என்றேன், மார்பை நிமிர்த்தி. "பம்பு கம்பெனி முதலாளிக பத்துப் பேரு கெஞ்சுனாங்க. எம்புள்ள முடியாதுன்னுட்டா. வேற படம் பண்ணப்போறா."

"ஒருத்தரும் கெஞ்சல" என்றாள் ஹரிதா மெதுவாக.

நாசர் டம்ளரைக் கீழே வைத்தார். அடித்த நோட்டீஸுக்கு என்ன பதில் என்று கேட்கப்போகிறார் என நினைத்தேன்.

"உப்புத் தண்ணி பட்டா காயில் போயிருமுங்க" என்றார். "அது நேரா எங்க கடைக்குத்தான் வந்திருக்கும்."

"உங்ககிட்ட எதுக்கு வருது?" நஞ்சப்பன் சீறினார். "கடலைக் குடிச்சுப்போட்டு அன்னூருக்குத்தானுங்க வரும். எங்க கொளம் காஞ்சு கெடக்குது."

"காயில் போனது எப்படிங்க நடக்கும்?"

"இப்படிங்க!" நஞ்சப்பன் இரண்டு விரல்களை மேசைமேல் ஊன்றி நடத்திக் காட்டினார். நாசர் உள்ளங்கையை விரித்து வழியை மறித்தார்.

ஹரிதா பையிலிருந்து நோட்டை எடுத்து வரைந்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். மோட்டார் இல்லை. மண்வெட்டி பிடித்துக் கோணிப்போன நஞ்சப்பனின் இரண்டு விரல்கள், ஒரு முழங்கால் மடங்கி, மறுகாலை அந்த உள்ளங்கையை எப்படித் தாண்டுவதென்று காற்றில் தூக்கியபடி நின்றன.